கணுக்காலில் ஒரு கட்டு

செனகல் தலைநகர் டாக்கரின் மாலை வெயில் சன்னல் கம்பிகளுக்குள் நுழைந்து உடைமாற்றும் அறையின் சிமெண்டுத் தரையில் வரிவரியாகக் கிடக்கிறது. வெளியே பார்வையாளர்களின் மத்தளம் தொடங்கிவிட்டது. போன வருடம்வரை இந்தப் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு ஆடிய திபோர் ஜூஃபுக்கு, மேலாளராக இது முதல் ஆட்டம். பெண்களை வாழ்த்த வந்தவள் பேச்சுவாக்கில், பழைய பழக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, மேசையேறி வலது காலை நீட்டுகிறாள். ஆட்டத்தில் சுளுக்காமலிருக்க அணியின் கணுக்கால்களுக்குக் கட்டுப்போடும் அன்சு ஜாட்டாவும் பல்குச்சியை மென்றபடியே அந்தக் காலைத் தொடையில் ஏந்தி, வெள்ளை டேப்பைச் சர்ரென்று இழுத்துச் சுற்றுகிறார். பாதிச் சுற்றில்தான் இஸ்திரி போட்ட காற்சட்டை அவர் கண்ணில் படுகிறது. கை நிற்கிறது. பெண்கள் சிரிக்கிறார்கள். ஜாட்டாக்களும் ஜூஃப்களும் பரம்பரைக் கேலி முறைக்காரர்கள், அவர் விடுவாரா? “ஆட்டத்த விட்டாலும் ஓசி டேப்ப விட ஜூஃபுங்களுக்கு மனசு வராதே.” “சோத்துமூட்ட ஜாட்டா, யாரு காலுன்னு பாக்காமலா சுத்துனீங்க?” “இந்தக் கால பாத்துத்தான் தெரியணுமாக்கும்.” திபோரின் கண் கலங்குகிறது. கட்டைப் பிரிக்கக் கத்தரியை எடுத்துக் கொடுக்கிறாள். அன்சு அதை ஓரமாக வைத்துவிட்டு, மீதியையும் நிதானமாகச் சுற்றி முடித்து, ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் தட்டுவதுபோல் குதிகாலில் தட்டுகிறார். “போயிட்டு வா.” கட்டுப்போட்ட கால் குதியுயர்ந்த செருப்புக்குள் நுழைய மறுக்கிறது. ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்தபடி, விந்தி விந்தி, முக்கியஸ்தர்கள் வரிசைக்கு நடக்கிறாள் மேலாளர்.