தபால்தலை அளவு ஈரல்

ஆய்வகத்தில், தபால்தலை அளவுள்ள கண்ணாடிச் சில்லில் தமயந்தியின் ஈரல் உயிரோடிருந்தது. தன் தோலிலிருந்து எடுத்த செல்களை ஈரல் செல்களாக மாற்றி, மயிரிழைக் கால்வாய்களில் சத்துநீர் ஓடவிட்டு அவளே வளர்த்தது. பிரசவ விடுப்பு முடிந்து வந்தவள், தான் தினமும் தின்னும் பிரசவ லேகியத்தைக் கரைத்து, விளையாட்டாக அதற்கும் கொஞ்சம் செலுத்தியிருந்தாள். மறுநாள் நுண்ணோக்கியில் குனிந்தபோது செல்கள் உருண்டு, உரிந்து, ஒவ்வொன்றாக நீரோடு போய்க்கொண்டிருந்தன. கை தானாக வலப்பக்க விலாவுக்குக் கீழே போயிற்று. கண்ணை எடுக்காமலே வீட்டுக்குப் போன் போட்டாள்.

“ஏங்க, அந்த லேகியத்த மொதல்ல தூக்கிப் போட்டுடுங்க.”

“எதுக்குப் போடணும்?” கணவன் சிரித்தான். “காலைல நீ மிச்சம் வெச்சத பாப்பா நாக்குல தடவினேன். சப்புக்கொட்டிக்கிட்டு இன்னும் கேக்குறா.”