பாசிட்டிவ் வேணும்

"எனக்கு பாசிட்டிவ்னு எழுதிக் குடுங்க சார்."

ஆஸ்பத்திரி கவுண்டரில் கொரோனா ரிசல்ட் கொடுத்துக்கொண்டிருந்த கிளார்க் நிமிர்ந்து பார்த்தார். வரிசையில் நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள்.

"உங்களுக்கு நெகட்டிவ் வந்திருக்கும்மா. சந்தோஷமா வீட்டுக்குப் போங்க."

"முந்தாநாளும் இதையேதான் சொன்னீங்க. நல்லாப் பாருங்க சார். காலையிலேருந்து இருமிட்டே இருக்கேன்."

"இருமினா வந்துடுமா? உங்களுக்கு ஒண்ணும் இல்ல."

அந்த அம்மாள் நகரவில்லை. ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். முகத்தில் துணி மாஸ்க். கையில் இருந்த பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டம்ளர் எட்டிப் பார்த்தது.

வாயை மாஸ்க் மூடியிருந்தாலும் வரிசையின் பேச்சை யாரும் மூடவில்லை.

"நமக்கு வந்துடக் கூடாதேன்னு உயிரைக் கையில பிடிச்சுட்டு நிக்கிறோம். இந்தம்மாவுக்கு பாசிட்டிவ் வேணுமாம்!"

"ஆபீஸ்ல லீவு கேட்டிருப்பாங்க."

"கொழுப்பு. வேற என்ன?"

கிளார்க்குக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி போன மாதம் வரை வேறொருவருடையது. காய்ச்சல் என்று போனவர் திரும்பி வரவில்லை. தினமும் அதில் உட்காருவதற்கு முன்னால் இவர் இரண்டு தடவை மருந்து போட்டுத் துடைப்பார்.

"எதுக்கும்மா உங்களுக்கு பாசிட்டிவ்?"

அவள் பக்கத்திலிருந்த கண்ணாடிக் கதவைக் காட்டினாள். அந்தப் பக்கம் வார்டு. கதவில் கிளார்க் தன் கையாலேயே சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிய காகிதம்: 'நோயாளிகள் தவிர யாருக்கும் அனுமதி இல்லை.'

"அது இருந்தாத்தானே உள்ள விடுவீங்க? என் பையன் உள்ள இருக்கான் சார். மூணு நாளாச்சு."

"பையனுக்கு என்ன வயசு?"

"இருபத்தாறு."

"இருபத்தாறு வயசுக்கு அம்மா மடி கேக்குதாக்கும்!" வரிசையில் ஒருவர் சிரித்தார்.

"ஆமாங்க, கேக்குது." அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். "எங்க வீட்டு மகாராஜா அவன். பொறந்ததிலேருந்தே பேச்சு வராது. ஊட்டி விட்டாத்தான் சாப்பாடு. தாகம் எடுத்தா காதைப் பிடிச்சு இழுப்பான், அவ்வளவுதான் அவன் பாஷை. உள்ள இருக்கறவங்க காது வலின்னு நினைச்சு சொட்டு மருந்து விட்டாங்களாம். நர்ஸம்மாதான் போன்ல சொன்னாங்க."

யாரோ சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டார்கள்.

"முகம் மூடின ஆளுங்களைப் பார்த்து பயந்துபோய் ஆக்ஸிஜன் ட்யூபைப் பிடுங்கிட்டானாம். நேத்து சாயங்காலத்திலேருந்து ரெண்டு கையையும் கட்டிலோட கட்டி வெச்சிருக்காங்க." அவள் குரல் உடைந்தது. "கையைக் கட்டிட்டா காதை எப்படி சார் இழுப்பான்?"

 கிளார்க் கையிலிருந்த ரிசல்ட் சீட்டுகளைக் கீழே வைத்தார்.

"ரூல்னு ஒண்ணு இருக்கேம்மா. மேலேருந்து தினம் பத்து சர்க்குலர் வருது. அத்தனையும் படிச்சுக் கையெழுத்து போடறவன் நான். எனக்குத் தெரியாம ஒரு வழி இருக்குமா?"

"நோய்ல அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா என் தலையெழுத்துன்னு இருந்துடுவேன். தாகத்துல போயிடக் கூடாது சார்."

கிளார்க் சுற்றுமுற்றும் பார்த்தார். சூப்பிரண்டு அறைக் கதவு சாத்தியிருந்தது. விஷயம் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். போலீஸ் கேஸ்கூட ஆகலாம். வீட்டில் இரண்டு பிள்ளைகள்.

புதுச் சீட்டு ஒன்றை டைப் அடித்தார்.

"மெஷின்ல சில சமயம் தப்பாக் காட்டும்மா," என்றார், யார் முகத்தையும் பார்க்காமல். "இப்பத்தான் சரியாப் பார்த்தேன். உங்களுக்கு பாசிட்டிவ்."

 சிரித்தவர்தான் முதலில் ஒதுங்கி வழிவிட்டார். அவள் அந்தச் சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அதே துணி மாஸ்க்கோடு உள்ளே போனாள்.

மூன்றாவது கட்டில். கண்ணாடி வழியே கிளார்க் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைக்கு முகம் தெரியவேண்டும் என்று அவள் மாஸ்க்கை ஒரு நொடி இறக்கியபோது இவருக்கு நெஞ்சு பதறியது. நர்ஸ் கட்டை அவிழ்த்தாள். அவிழ்த்த மறுகணம் அவன் கை காதுக்குப் போனது. அவள் டம்ளரை அவன் வாயில் வைத்தாள். நிரப்பி நிரப்பி வைத்துக்கொண்டே இருந்தாள்.

கிளார்க்குக்குக் கண் கலங்கியது. மூன்று வாரமாக இருந்த பயம்கூடக் கொஞ்சம் விலகின மாதிரி இருந்தது. வேலை போனால் போகட்டும், ரூல் போட்டவர்களுக்கு இல்லாத இரக்கம் நமக்காவது இருந்ததே என்று மனசுக்குள் தன்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டார்.

அரை மணி கழித்து, கண்ணாடிக் கதவை யாரோ உள்ளிருந்து தட்டினார்கள். அவள்தான். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்து, 'இருக்கட்டும், இருக்கட்டும்' என்று இவர் கையை அசைத்தார்.

அவள் போகவில்லை. இவர் ஒட்டிய காகிதத்தின் பின்பக்கத்தில், கண்ணாடி மேலேயே விரல் வைத்து, வரி வரியாக எதையோ படித்துக்கொண்டிருந்தாள். பிறகு இவரை நிமிர்ந்து பார்த்தாள்.

கிளார்க் எழுந்து போய்க் காகிதத்தைப் பிய்த்தார். அன்றைக்கு அவசரத்தில், மேஜையில் கிடந்த காகிதக் கட்டிலிருந்து ஒரு பக்கம் வெள்ளையாக இருந்த தாளை உருவி எழுதியது அவருக்கு ஞாபகம் வந்தது.

திருப்பினார். டைப் அடித்த சர்க்குலர்.

'மாற்றுத்திறனாளி நோயாளிகளுக்குத் துணையாகக் குடும்பத்தில் ஒருவரை, முழுப் பாதுகாப்பு உடை வழங்கி, வார்டுக்குள் அனுமதிக்க வேண்டும்.'

அதற்குக் கீழே, பதினோரு நாளைக்கு முந்தைய தேதி போட்டு, 'படித்தேன்' என்று எழுதி, அவருடைய கையெழுத்து.