அவர் எடுத்த படங்கள்

ஆற்றில் விழுந்த போனுக்கு, கடையில் கொடுத்த மூன்றாம் நாள் உயிர் வந்துவிடுகிறது. பழுது பார்ப்பவர் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ள, அவள் மேசைமேல் குனிந்து பார்க்கிறாள். போன மாதம் மாரடைப்பில் போய்விட்ட கணவர், கடைசிப் பயணத்தில் எடுத்த படங்கள். ஒவ்வொன்றின் கீழும் அவர் எழுதிய ஒரு வரிக் கவிதை. பாலத்தில் அவள், படகில் அவள், மழையில் வாயைப் பொத்திச் சிரிக்கும் அவள். ‘தான் நனைந்து எனக்குக் குடை பிடிக்கிறாள்’ என்கிறது வரி. குடை பிடித்த அவள் கை படத்தின் ஓரத்தோடு முடிந்துவிடுகிறது. “ஒண்ணுலயாவது அவரு இருக்காரா தம்பி?” “எல்லாத்துலயும் நீங்கதான்க்கா. எடுத்தது அவராச்சே.” பின்னால் காத்திருப்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். அவள் மேசை விளிம்பை இறுகப் பற்றிக்கொள்கிறாள். “முதல்லேருந்து இன்னொரு தடவை தள்ளுங்க தம்பி. வேகமாத் தள்ளிட்டீங்க.”