ஒன்பதாவது பிராண்டு

சியோலில் ஹேபின் வேலை பார்த்த இணையத் துணிக்கடையின் பக்கத்தில் அவள் அடுக்கிக்கொண்டிருந்தது மொத்தம் எட்டு பிராண்டுகள். ஒன்பதாவதாகப் பெயரில்லாத ஒன்று பட்டியலில் வந்து நின்றது. மூன்று முறை நீக்கினாள். மூன்று முறையும் திரும்ப வந்தது.

“பசியில உங்களுக்கு எட்டு ஒன்பதாத் தெரியுது. வாங்கக்கா, நூடுல்ஸ் ஊறிப்போயிடும்,” என்றான் பக்கத்து மேசை தோக்யோங்.

அவள் அந்த ஒன்பதாவதைத் திறந்தாள். விற்பனைக்கு ஒரே ஒரு சாம்பல்நிறக் கோட்டு. அவள் போட்டிருந்ததேதான், முழங்கைக் கிழிசலை நீல நூலால் அவள் தைத்திருந்தது படத்திலும் தெரிந்தது. கீழே, மற்றவர்களுக்கு அளவு புரிய வழக்கம்போல உயரம் எடையோடு, வாங்கியவர் கருத்து எழுதியிருந்தார்: “165 செ.மீ., 58 கிலோ. தோள் இறுக்குது. முன்னாடி போட்டவங்க ஒல்லி போல. நெஞ்சுல இருக்கிற கறை எத்தனை தடவை துவைச்சும் போகல.”

எழுதிய தேதி அடுத்த வாரம்.

ஹேபின் தேதியை மறுபடி படித்தாள். கோட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நெஞ்சில் இன்னும் கறை எதுவும் இல்லை.