வண்டி புறப்படும் நேரம்

எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி ஹியூபர்ட் மீது வெள்ளைக்காரத் துரையிடம் புகார் கொடுத்தே தீருவது என்று வாத்தியார் சிவானந்தம் முடிவு செய்துவிட்டார்.

குற்றம்: பொம்மை ரயில்.

எஸ்டேட் ஆபீசுக்குப் பின்னால் உள்ள ஸ்டோர் அறையில் கிராணி ஏழு மாதமாக ஒரு ரயில்பாதை போட்டுக்கொண்டிருந்தார். தண்டவாளத்துக்கு மண்ணெண்ணெய் டின் தகரம். எஞ்சினுக்குப் பழைய அலாரக் கடிகாரத்தின் ஸ்பிரிங். பெட்டிகள் எல்லாம் சார்டின் டின். ஒவ்வொன்றிலும் ஓர் ஓட்டை. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று, டின்னைக் குத்தித்தான் கடையில் விற்க வேண்டும். அவசரகாலச் சட்டம்.

"பயணிகளுக்குக் காத்தோட்டமா இருக்கும்" என்பார் கிராணி.

முன்னேற்றத்தை வாரா வாரம், காலையில் ஆளெடுக்கும் பெரட்டுப் பலகையில் வேறு எழுதிப் போடுவார். கம்பிவேலிக் கேட் எத்தனை மணிக்குத் திறக்கும் என்ற அறிவிப்புக்குக் கீழே, 'பாலம் முடிந்தது. சிக்னல் பாக்கி.'

வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் காளியண்ணன் வாசித்துவிட்டு, "நாம குடியிருக்கிற லயத்துக் கூரை ஒழுகுது. இவருக்குப் பாலம் கேக்குதாம்" என்பார்.

கூரையைப் பற்றி வாத்தியாருக்குக் கவலையில்லை. அவர் போன மாதம் வேலைக்கு வந்தவர், தஞ்சோங் காராங்கிலிருந்து சைக்கிளில் வந்து போகிறவர். அவருடைய கவலை வாய்ப்பாடு.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் ஸ்டோர் வாசலில் வரிசை கட்டி நின்றால் கிராணி கையை விரித்துவிடுவார்.

"இன்னைக்கு ஓடாது லா. பெயின்ட் காயணும்."

வார நாளில், வகுப்பு நடுவில், திடீரென்று மணியடிப்பார்.

"வண்டி புறப்படுது! ஏறுறவங்க ஏறலாம்!"

முப்பத்திரண்டு பிள்ளைகளும் சிட்டாய்ப் பறந்துவிடுவார்கள். இரண்டு முறை இப்படி ஆனது. இரண்டு முறையும் சிவானந்தம் பள்ளிக்கூடத்தைப் பூட்டிக்கொண்டு கோபத்தோடு வீட்டுக்குப் போய்விட்டார்.

இன்று மூன்றாவது முறை. பதினோரு மணி. ஏழாம் வாய்ப்பாட்டில் ஆறேழு நாற்பத்திரண்டு சொல்லும்போது மணி அடித்தது.

சிவானந்தம் இந்த முறை வீட்டுக்குப் போகவில்லை. நேராக ஸ்டோருக்குப் போனார்.

"வாங்க சார். கதவச் சாத்திட்டு வாங்க" என்றார் ஹியூபர்ட், பிள்ளைகளின் தலையை எண்ணிக்கொண்டே.

உள்ளே ஒரே இரைச்சல். சார்டின் டின்கள் கடகடவென்று சுற்றின. போதாததற்குக் கிராமபோன் வேறு அலறியது. வள்ளியம்மா மகள் நவமணி ஸ்டேஷனில் பச்சைக் கொடியோடு நின்றாள். அவள் அண்ணன் சோமு காட்டுக்குள் போய் ஒன்றரை வருஷம். அவள் வாய்விட்டுச் சிரித்து வாத்தியார் இப்போதுதான் பார்க்கிறார்.

ஆனாலும் கோபம் கோபம்தான்.

"பிள்ளைங்க படிப்பு உங்களுக்கு விளையாட்டா போச்சா கிராணியாரே? இன்னைக்கே துரையப் பார்க்கப் போறேன். இந்தத் தகரத்தையெல்லாம் குப்பையில கொட்டச் சொல்றேன்."

"சொல்லுங்க சார். இந்த ஒரு மணி நேரம் மட்டும் பொறுத்துக்குங்க."

"அதென்ன, ஜன்னலையும் அடைச்சு வச்சிருக்கீங்க? பிள்ளைங்க கண்ணு என்னத்துக்கு ஆகும்?"

ஜன்னலை ஓர் அட்டை மலை அடைத்திருந்தது. சிவானந்தம் அதை இழுத்தார்.

"மலையத் தொடாதீங்க சார்!"

"ஏன், பெயின்ட் காயலையா?"

ஜன்னலுக்கு வெளியே, திடலில் போலீஸ் லோரி நின்றது. புல்லின் மேல் மூன்று பேரைக் கிடத்தியிருந்தார்கள். காட்டில் சுடப்பட்டவர்கள். லயத்து ஜனம் முழுக்க வரிசையாக நடந்து முகம் பார்த்துக்கொண்டிருந்தது. வரிசையில் வள்ளியம்மா. குனிந்து குனிந்து பார்த்தாள். இரண்டு முகம் ஆகிவிட்டது.

அவள் மூன்றாவதற்குப் போவதற்குள் சிவானந்தம் மலையைத் திரும்பச் சாத்திவிட்டார்.

ஹியூபர்ட் அவர் காதருகில் வந்தார். "போலீஸ் ஸ்டேஷன்லேருந்து முன்கூட்டியே போன் வரும் சார். யாருன்னு அடையாளம் சொல்ல எல்லாரும் வரணுமாம். பெரியவங்க, பிள்ளைங்க, எல்லாரும். பிள்ளைங்க எங்கேன்னு கேட்டா, பள்ளிக்கூடம்னு சொல்லிடுவேன்."

"ஞாயித்துக்கிழமையாவது ஓட்டக் கூடாதா?"

"கேட்டப்பல்லாம் ஓட்டினா, கூப்பிட்ட உடனே ஓடி வருவாங்களா சார்?"

எஞ்சின் நின்றது. சிவானந்தம் குனிந்து, தானே ஸ்பிரிங்கை முறுக்கிவிட்டார்.

நவமணி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"சார், எங்கம்மா மட்டும் வண்டி ஓடுறத ஒரு தடவகூடப் பார்த்ததில்ல. ஓடிப்போய்க் கூட்டிட்டு வரட்டுமா?"

சிவானந்தம் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார்.

"அம்மா வேலையா இருக்காங்கம்மா. நீ கொடியக் காட்டு."