ரிச் லுக்
கடத்தூர் ஜவுளிக்கடை மாடியில் டியூப்லைட்டுகள் பகலிலும் எரிகின்றன. விற்பனையாளர் மாதையன் மாம்பழ மஞ்சள் பட்டுச்சேலையைத் தன் தோளில் போட்டு முந்தானையை விரித்துக் காட்டுகிறார். "ரிச் லுக் மேடம். உங்க கலருக்குச் செம மேட்ச்." எதிரே உட்கார்ந்திருக்கும் கல்லூரிப் பெண் உதட்டைப் பிதுக்கிவிட்டு எழுந்து போகிறாள். மகளின் கல்யாணச் சேலை எடுக்க வந்து ஓரமாக உட்கார்ந்திருக்கும் மாதையனின் மனைவி சரசு, அந்தப் பட்டை வாங்கித் தன் மேல் சார்த்திக்கொண்டு கண்ணாடி முன் நிற்கிறாள். மஞ்சள் அவள் தாடையில் ஏறி, காதோர நரை வரை படர்கிறது. வேறொரு சேலையை மடித்துக்கொண்டிருக்கும் மாதையனின் கைகள் பாதி மடிப்பில் நின்றுவிடுகின்றன. "எனக்கு எப்படிங்க இருக்குது?" கண்ணாடிக்குள் அவரைப் பார்த்துக் கேட்கிறாள். வேறொரு சொல் அவர் நாக்கு நுனி வரை வருகிறது. அதற்குள் வாய் பழக்கத்தில் சொல்லிவிடுகிறது. "ரிச் லுக்." கண்ணாடியில் அவள் சிரிப்பு மெல்ல அடங்குகிறது. "அந்தப் புள்ளைக்கும் இதத்தானுங்க சொன்னீங்க." பட்டை அவர் மடியில் வைத்துவிட்டுப் படியிறங்குகிறாள். ஒரு குடும்பம் வந்து பாயில் உட்காருகிறது. மாதையன் அதே மஞ்சளை எடுத்துத் தோளில் போடுகிறார். "நல்லா இருக்குமாண்ணா?" என்கிறாள் ஒருத்தி. "அழகா இருக்குது," என்கிறார் அவர், படிக்கட்டைப் பார்த்தபடி.