ஆறாவது டெஸ்க்டாப்

தங்கையின் படிப்பை நிறுத்தியபோது பிடுங்கிக்கொண்ட லேப்டாப்பில் அண்ணன் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டிருந்தான். அதற்கு எந்த டெஸ்க்டாப், அதாவது எந்தத் திரைமுகப்பு, பொருந்தும் என்று மூன்று நாளாக மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தான். இணையத்தில் முகம் தெரியாத நிபுணர் ஒருவர் வழிகாட்டினார்.

"இதையும் அழிச்சிட்டு வேற போடச் சொல்றாரு. இது ஆறாவது."

"நான் பாக்கட்டுமாண்ணா?"

"படிப்பு ஒன்பதோட நின்னுச்சு, வாய் மட்டும் நிக்கல. போய் அடுப்பைப் பாரு."

அவள் போனாள். சற்று நேரத்தில் நிபுணரின் பதில் வந்தது: 'உங்களுக்கு இது சரிப்படாது. வீட்டில் வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.'

"இந்தா, இந்தச் சனியனை நீயே கட்டிக்கிட்டு அழு," என்று லேப்டாப்பை அவளிடம் தள்ளிவிட்டுப் போனான்.

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் அவளுடைய செல்போன் மினுங்கியது.

'தங்கச்சிகிட்ட கொடுத்துட்டேன் சார். உங்க உதவிக்கு நன்றி.'

அவள் நிதானமாகத் தட்டினாள்: 'பரவாயில்லை, தம்பி.'